குனிந்த முதுகும் குட்டைக் காம்பும்

சந்தையில் மண்வெட்டி வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? தகட்டை விரலால் சுண்டிப் பார்க்கிறார். கணீரென்று கேட்டால் கையில் எடுக்கிறார். மொத்தென்று கேட்டால் கீழே போடுகிறார். வெட்டு வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். கண்ணிலே வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். அப்புறம் விலை பேசுகிறார். எல்லாம் சரிதான். ஆனால் காம்பைத் தன் உடம்போடு சேர்த்து நிறுத்தி, "இது என் உயரத்துக்குப் பொருந்துமா?" என்று அளந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

செருப்பு வாங்கினால் காலை நுழைத்துப் பார்க்கிறோம். சட்டை தைக்கப் போனால் தையற்காரர் நாடாவை எடுத்துத் தோளையும் கையையும் அளக்கிறார். தீபாவளிக்கு ஒரு நாள் போடுகிற சட்டைக்கு அளவு உண்டு. ஆயுள் முழுவதும் பிடிக்கிற மண்வெட்டிக்கு அளவு கிடையாது! ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கும் அதே காம்பு, ஐந்தே முக்கால் அடி ஆளுக்கும் அதே காம்பு. இரண்டடி, மிஞ்சினால் இரண்டரை அடி. கருவி மனிதனுக்குப் பொருந்துவதில்லை. மனிதன்தான் கருவிக்குப் பொருந்தும்படி மடங்கிக் கொள்கிறான்.

"விலைவாசியைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் காம்பைப் பற்றியா எழுதுவது?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாற்பது வயதிலேயே திண்ணையில் கையை ஊன்றி எழுந்திருக்கிற விவசாயத் தொழிலாளியைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

மனிதன் நிமிர்ந்து நிற்கும்போது தலை, கைகள், மார்பு ஆகியவற்றின் பாரம் முதுகெலும்பின் வழியாக நேராக இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. குனிந்த மாத்திரத்தில் கணக்கு மாறுகிறது. உடம்பின் எடையில் பாதிக்கும் அதிகமான பாரம் இடுப்புக்கு முன்னால் தொங்குகிறது. அது விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியது முதுகின் அடிப்பகுதியிலுள்ள தசைகள். ஏற்றக்கட்டையின் ஒரு நுனியில் பெரிய சால் தொங்க, மறு நுனியில் குட்டைக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறவனின் கதிதான் அந்தத் தசைகளின் கதி. அவை இழுக்கிற இழுப்பில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டுகள் நசுங்குகின்றன. ஒரு நாள் நசுங்கினால் ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகும். இருபது வருஷம் நசுங்கினால் சரியாகாது. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். வலி தொடைக்கு இறங்கும். கால் மரத்துப் போகும். இதை "வாயுப் பிடிப்பு" என்று சொல்லித் தைலம் தேய்த்துக் கொள்கிறோம். பாதிப் பேருக்கு அது வாயு அல்ல, காம்பு!

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. உலகத்திலேயே பெரும் பணக்கார தேசத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இந்தக் காம்புக்காக ஒரு பெரிய வழக்கே நடந்தது. நம் தொழிலாளர்கள் அந்தக் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே சாலினாஸ் பள்ளத்தாக்கிலும் வேறு இடங்களிலும் லெட்யூஸ் என்ற கீரையையும் சர்க்கரைக் கிழங்கையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட்டு வந்தார்கள். விதை நெருக்கமாக முளைத்து வரும்போது வேண்டாத நாற்றைக் கொத்தி எடுத்துக் கலைத்துவிட வேண்டும். களையும் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு முதலாளிகள் கொடுத்த கருவி ஒரு களைக்கொத்து. அதன் காம்பு இரண்டடிக்கு மேல் போகாது. ஒரு கையால் கொத்திக்கொண்டே, மறு கையால் நாற்றைப் பிரித்துக்கொண்டே, இடுப்பை இரண்டாக மடித்தபடி சால் நெடுக நடக்க வேண்டும். காலை தொடங்கிப் பொழுது சாயும் வரை இதேதான். பிடித்தவர்கள் பெரும்பாலும் மெக்ஸிகோ தேசத்து ஏழைகள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் "எல் கோர்த்தீட்டோ", அதாவது குட்டையன். இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்: சைத்தானின் கை.

நீளக் காம்பு போட்ட களைக்கொத்து உலகத்தில் இல்லாமல் போய்விட்டதா? இருந்தது. அமெரிக்காவின் மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் நின்றுகொண்டே கொத்தும் நீளக் காம்புதான் வழக்கம். பின் கலிபோர்னியாவில் மட்டும் ஏன் குட்டைக் காம்பு? முதலாளிகள் சொன்ன காரணம்: "நீளக் காம்பு கொடுத்தால் கண்ணுக்கும் பயிருக்கும் தூரம் அதிகம், நல்ல நாற்றையும் வெட்டிவிடுவார்கள், பயிர் பாழாகும்." சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. குட்டைக் காம்பைப் பிடித்தவன் குனிந்தால்தான் வேலை நடக்கும். ஆகவே வரப்பில் நிற்கிற கங்காணி ஒரு பார்வை பார்த்தால் போதும். முதுகு தெரிந்தால் வேலை நடக்கிறது; முகம் தெரிந்தால் வேலை நின்றுவிட்டது! நூறு ஏக்கருக்கு ஒரு கங்காணி. கடிகாரம் வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். தொழிலாளியின் முதுகையே அளவுகோலாக்கிவிட்டார்கள்.

1972-ல் தொழிலாளர்கள் சர்க்காரின் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கு மனுப் போட்டார்கள். கிராமப்புற ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் சட்ட உதவி ஸ்தாபனம் ஒன்றின் இளம் வக்கீல் மாரிஸ் ஜோர்டேன் அவர்கள் பக்கம் நின்றார். வைத்தியர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். இந்தக் கருவியைப் பிடிக்கிறவனுக்கு முதுகெலும்பு கெடும், திரும்பச் சரி செய்ய முடியாத அளவுக்குக் கெடும் என்று சொன்னார்கள். இலாகா என்ன செய்தது தெரியுமா? மனுவைத் தள்ளியது. எதற்காக? "ஆபத்தான கைக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் விதி இருக்கிறது. ஆபத்தான கருவி என்றால் உடைந்த கருவி, பழுதான கருவி. இந்தக் களைக்கொத்தில் ஒரு பழுதும் இல்லையே!"

எப்படி இருக்கிறது நியாயம்! கருவி முழுசாக இருக்கிறதாம். உடைந்தது தொழிலாளியின் முதுகுதானாம். அதற்கு விதி இல்லையாம்!

தொழிலாளர்கள் விடவில்லை. மாநில சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1975 ஜனவரியில் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது: கருவி உடைந்திருந்தால்தான் ஆபத்து என்பது தவறு, எந்த விதமாகப் பிடித்து வேலை செய்ய வேண்டியிருக்கிறதோ அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், இலாகா மறுபடியும் விசாரிக்கட்டும். அந்த வருஷம் ஏப்ரலில் குட்டைக் களைக்கொத்து தடை செய்யப்பட்டது.

கலிபோர்னியாவில் லெட்யூஸ் அழிந்துவிட்டதா? இல்லை. இன்றும் அமெரிக்காவில் விளையும் லெட்யூஸில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. நீளக் காம்பு பிடித்த கையும் நல்ல நாற்று எது, களை எது என்று தெரிந்த கைதான். குட்டையனில் ஒன்று இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. களைக்கொத்துதானே கூடாது என்றீர்கள், கையாலேயே பிடுங்குங்கள் என்று பல முதலாளிகள் ஆரம்பித்தார்கள். காம்பே இல்லாத வேலை! குனிந்த முதுகு குனிந்தபடியே இருந்தது. கையால் களை எடுக்க வைப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது 2004-ல். தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவே 29 வருஷம். அந்தக் கட்டுப்பாட்டிலும் இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

நம் வயலுக்கு வருவோம். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற காரியஸ்தர் சாலினாஸ் பள்ளத்தாக்கைக் கண்டவர் அல்ல. ஆனால் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை அதே வார்த்தைதான்: "என்ன, நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறாய்?" நடவு நடுகிற பெண் ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தால் "சோம்பேறி" என்று பட்டம். கான்டிராக்டரின் மேஸ்திரியும் அப்படித்தான். ரோட்டு வேலையில், வாய்க்கால் தூர் வாருவதில், கட்டிட வேலையில், எங்கும் குனிந்தவன் உழைப்பாளி, நிமிர்ந்தவன் திருடன். நிமிர்ந்து நின்றபடியே செய்யக்கூடிய வேலையும் உண்டு என்பது அவர்கள் புத்திக்கு எட்டுவதில்லை. எட்டினால் மேற்பார்வை பார்ப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிடுமே!

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வேலைக்கும் நீளக் காம்புதான் உசத்தி என்று நாம் சொல்லவில்லை. சேற்றை வாரி வரப்பில் அப்பி, மண்வெட்டியின் புறத்தாலேயே தட்டி மெழுகுகிறாரே, அந்த வரப்புக் கட்டும் வேலைக்குக் குட்டைக் காம்புதான் வசம். ஈரக் களிமண்ணைத் தகட்டோடு தூக்கும்போது காம்பு நீளமாக இருந்தால் மணிக்கட்டு முறிகிற மாதிரி இருக்கும். குழிக்குள் இறங்கி வெட்டுகிறவருக்கு நீளக் காம்பு பக்கச் சுவரில் இடிக்கும். இதெல்லாம் அனுபவஸ்தர்கள் அறிந்ததே. ஆனால் பாத்தி கொத்துவது, வாழைக்கும் கரும்புக்கும் மண் அணைப்பது, தோட்டக்கால் களை கொத்துவது, காய்ந்த வாய்க்காலில் புல் செதுக்குவது போன்ற வேலைகளுக்குக் குட்டைக் காம்பு எதற்கு? வேலைக்கு வேலை காம்பு மாற வேண்டும், ஆளுக்கு ஆள் அளவு மாற வேண்டும். வீட்டில் ஒரே மண்வெட்டி இருக்கிறவன் என்ன செய்வான் என்று கேட்டால், அதுதான் கேள்வி.

"நம் ஆட்களுக்குக் குனிந்து பழக்கம், குத்துக்காலிட்டு உட்கார்ந்தே பழகியவர்கள்" என்று மேதாவிகள் சிலர் சொல்வதுண்டு. பழக்கம் என்பது வேறு, வேறு வழி இல்லாமை என்பது வேறு. குனிந்து பழகிவிட்டதால் வட்டு நசுங்காமல் இருப்பதில்லை. அதே மேதாவி தன் வீட்டுச் சமையல்கட்டில் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி வைத்திருக்கிறார். அவர் வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்க்கிற பெண் கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள்!

மில் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிறவர் ஸ்பிண்டிலை வீட்டிலிருந்து கொண்டு வருவதில்லை. நெசவுக்காரர் தறிக்கு நாடா வாங்கிக் கொண்டு வருவதில்லை. இயந்திரமும் கருவியும் முதலாளி போட வேண்டும் என்பது ஆலைக்குள் வாதமே இல்லாத விஷயம். ஆனால் விவசாயத் தொழிலாளி? மண்வெட்டி அவருடையது, அரிவாள் அவருடையது, களைக்கொத்து அவருடையது. நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் மண்வெட்டியை வீட்டிலிருந்துதான் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். காம்பு முறிந்தால் செலவு அவருக்கு. வாய் மழுங்கினால் பட்டறைக்கு நடப்பது அவர், கூலி கொடுப்பது அவர், அரை நாள் வேலை இழப்பது அவர். முன் காலத்தில் களத்துமேட்டிலேயே கொல்லருக்கு நெல் அளந்து விடுகிற வழக்கமாவது இருந்தது. இப்போது கூலிப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே கையில் வாங்குகிற கூலி முழுவதும் கூலி அல்ல. அதில் ஒரு பங்கு முதலாளி போட வேண்டிய கருவிச் செலவு. இந்தக் கணக்கை எந்தக் கூலிப் பேச்சுவார்த்தையிலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கருவி தொழிலாளியுடையதாக இருக்கும்வரை அவர் மலிவானதைத்தான் வாங்குவார். வேறு என்ன செய்ய முடியும்? மலிவான தகடு சீக்கிரம் மடங்கும். பச்சை மரக் காம்பு சீக்கிரம் ஆடும். மறுபடி வாங்க வேண்டும். ஐந்து வருஷம் உழைக்கிற ஒரு மண்வெட்டியின் விலையைவிட ஐந்து வருஷத்தில் வாங்கிய மட்ட ரக மண்வெட்டிகளின் மொத்த விலை அதிகம். ஏழைக்குத்தான் எல்லாப் பண்டமும் கிராக்கி.

கருவியை மனிதனுக்குப் பொருத்தினால் வேலை பெருகும் என்பது முதலாளிகளுக்குத் தெரியாததும் அல்ல. நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் பெத்லஹெம் எஃகு ஆலையில் பிரெடரிக் டெய்லர் என்ற நிர்வாகி இருந்தார். அங்கே இரும்புக் கனி, கரி, சாம்பல் எல்லாம் மண்வாரியால் வாரிப் போட ஆட்கள் இருந்தார்கள். அவரவர் தம் மண்வாரியைத் தாமே கொண்டு வந்தார்கள். ஒரே மண்வாரியால் பொடிக் கரியை வாரினால் ஒரு வாருக்கு மூன்றரை பவுண்டுதான் ஏறும். கனியை வாரினால் 38 பவுண்டு ஏறும். டெய்லர் சோதித்துப் பார்த்து, ஒரு வாருக்கு 21 பவுண்டு இருந்தால் நல்ல தொழிலாளி நாளெல்லாம் அதிகம் வார முடியும் என்று கண்டார். கம்பெனியே கருவி அறை வைத்து, சரக்குக்கு ஏற்ற மாதிரி எட்டுப் பத்து வகை மண்வாரிகளைக் கொடுத்தது. பலன்? டெய்லர் 1911-ல் தன் புத்தகத்திலேயே எழுதி வைத்த கணக்கு இது: ஒரு ஆள் ஒரு நாளைக்கு வாரியது 16 டன்னிலிருந்து 59 டன்னாயிற்று. கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 88 சென்டாயிற்று. வேலை மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியது; கூலி ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. நானூறு முதல் அறுநூறு பேர் வரை வேலை செய்த இடத்தில் 140 பேர் மிஞ்சினார்கள்!

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் நல்ல கருவியே வேண்டாமே, ஆள்குறைப்பு வருமே" என்று எண்ணுவது தப்பு. மண்வாரியின் மேல் குற்றம் இல்லை. கருவியை யார் நிர்ணயிக்கிறார்கள், அதனால் மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பதுதான் விஷயம். லாபம் வரும் என்றால் தொழிலாளியின் கைக்கு அளவெடுப்பார்கள். அதே முதலாளி வர்க்கம் குனிந்த முதுகில்தான் லாபம் என்றால் இரண்டடிக் காம்பு கொடுக்கும். பெத்லஹெமும் சாலினாஸும் ஒரே தேசத்தில்தான் இருக்கின்றன.

பெண்களின் நிலைமை இன்னும் மோசம். நம் நாட்டில் வளர்ந்த பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. கடையில் தொங்குகிற கருவியில் எதுவும் அவள் கையை நினைத்துச் செய்தது அல்ல. 1953-ல் ஜப்பான் முறை நெல் சாகுபடி என்று சர்க்கார் இயக்கம் நடத்தியபோது உருளும் களைக்கருவி வந்தது. பிறகு பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கோனோவீடரை உருவாக்கியது. ராஜராஜன் 1000 என்ற பெயரில் திருந்திய நெல் சாகுபடி இங்கே பரவியபோது அது ஊர் ஊராக வந்தது. நல்ல கருவிதான். நின்றபடியே தள்ளலாம், குனிய வேண்டாம், களை சேற்றிலேயே அமுங்கி எருவாகும். முதுகுக்கு விடுதலை என்றுதான் எண்ண வேண்டும். ஆனால் நடந்தது என்ன? கனத்த கருவி, சேற்றில் இழுக்கிறது, பிடி அவளுடைய மார்பு உயரத்துக்கு நிற்கிறது. தள்ளத் தோள் வலிக்கிறது. "பெண்களால் முடியாது" என்று சொல்லிப் பல ஊர்களில் அதை ஆண்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். களை எடுப்பு காலம் காலமாகப் பெண்கள் பிழைத்த வேலை. பிடியை நாலு விரற்கடை இறக்க ஒரு துளையும் ஒரு போல்ட்டும் போதும். அந்தத் துளை இல்லாத குறையால் பெண்ணுக்குக் கூலி போயிற்று. உயரம் மாற்றக்கூடிய பிடி போட்ட மாதிரிகளும் இருக்கின்றன. ஆனால் வாங்கிக் கொடுக்கிற அதிகாரி விலையைத்தான் பார்க்கிறார். போபாலில் 1976 முதல் மத்திய வேளாண் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளை ஆண், பெண் என்று தனித்தனியாக ஆயிரக்கணக்கில் எடுத்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அளவு தெரியாமல் இல்லை, தோழர்களே. அளவு புத்தகத்தில் இருக்கிறது. கருவி சந்தையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை.

சரி, சர்க்காரும் முதலாளியும் திருந்தும் வரை நாம் சும்மா இருப்பதா? கருவி வாங்குகிறபோது பார்க்க வேண்டியவை சில உண்டு. அனுபவம் உள்ளவர்களுக்கு இது பழைய பாடம், இளைஞர்களுக்காகச் சொல்கிறோம்.

நின்று கொத்துகிற களைக்கொத்தானால் அதைத் தரையில் நிறுத்தி, காம்பின் நுனி எங்கே வருகிறது என்று பாருங்கள். தோளுக்கும் மோவாய்க்கும் நடுவில் வந்தால் உங்களுக்கு ஆனது. மார்புக்குக் கீழே நின்றால் உங்களைக் குனிய வைக்கும். குட்டைக் காம்பு மண்வெட்டிக்கு இந்த அளவு பொருந்தாது. அதற்குச் சோதனை, வெட்டிப் பார்ப்பதுதான். பத்து வெட்டு வெட்டுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதுகிறதா, அல்லது இடுப்பை ஒடித்தால்தான் தகடு மண்ணைத் தொடுகிறதா? இடுப்பை ஒடிக்கிறது என்றால் காம்பை அரை முழமாவது நீட்டுங்கள். ஆனால் காம்பை நீட்டினால் மட்டும் போதாது. காம்பு நீண்டால் தகடு மண்ணில் இறங்குகிற சாய்வு மாறிவிடும். வெட்டாமல் சுரண்டிக்கொண்டு போகும். பட்டறையில் கொடுத்துக் கழுத்தைக் கொஞ்சம் வளைத்து வாங்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் "நீளக் காம்பு நமக்கு ஒத்துவராது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

காம்பின் பருமன் இன்னொன்று. பிடித்தால் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் வந்து படிய வேண்டும். படியாமல் விரல்களுக்கு நடுவே சந்து தெரிந்தால் அது பெரிய கைக்கான காம்பு. அதைப் பிடித்துப் பிடித்தே முன்கை வீங்கும். பெண்களுக்குக் காம்பைச் செதுக்கி மெலிய வைக்க வேண்டும். செதுக்குவதற்குக் காசு இல்லை.

மரம் கருவேலமானால் நல்லது. வண்டிச் சக்கரத்துக்கு நம்பி எடுக்கிற மரம் காம்புக்கு ஏமாற்றாது. வைரம் பாய்ந்த பாகமாக, ரேகை அடி முதல் நுனி வரை நேராக ஓடுகிறதாக, கணு இல்லாததாகப் பார்க்க வேண்டும். ரேகை குறுக்கே வெளியேறுகிற இடத்தில்தான் காம்பு முறியும். முறியும்போது கையையும் கிழிக்கும். பச்சை மரத்தில் காம்பு போடாதீர்கள். காய்ந்ததும் சுருங்கிக் கண்ணுக்குள் ஆடும். ஆடுகிற காம்பை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. காலையில் இறுக்கமாகத்தான் இருக்கும். மத்தியான வெயிலில் மறுபடி காயும், முன்னைவிட அதிகமாக ஆடும். கழன்று பறக்கிற தகடு பக்கத்தில் நிற்கிற ஆளின் காலில் விழும். ஆப்பு அடிப்பதுதான் வழி. வார்னிஷ் பூசிப் பளபளவென்று விற்கிற காம்பைக் கண்டு மயங்க வேண்டாம். வியர்வைக் கையில் அது வழுக்கும், கொப்புளம் போடும். சுரண்டிவிட்டு எண்ணெய் தடவுங்கள்.

தகட்டில் பார்க்க வேண்டியது கனம் எங்கே இருக்கிறது என்பதை. கண்ணும் கழுத்தும் தடித்து, வாய் வரவர மெலிந்து வந்தால் அது அடித்துச் செய்த தகடு. ஒரே கனத்தில் தகரம் மாதிரி இருந்தால் வெட்டிச் செய்தது. கல் பட்டால் சுருண்டுகொள்ளும். உள்ளூர்க் கொல்லர் பழைய லாரியின் வில்லுப்பட்டையில் அடித்துக் கொடுக்கிறார் என்றால் கடைச் சரக்கைவிட விலை கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள். அந்த எஃகு கூர் நிற்கும். பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்து வருகின்றன. உலை அணைந்த ஊரில் நம் உயரத்துக்கு யார் கழுத்தை வளைத்துக் கொடுப்பார்கள்?

இதெல்லாம் தனி ஆள் செய்துகொள்ளக்கூடியவை. சங்கம் செய்ய வேண்டியது வேறு. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் நின்று வேலை செய்கிற தொழிலாளிக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44-வது பிரிவு எழுதப்பட்டது, அது ஆலைக்கு. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நிற்கிற பெண்களுக்கு உட்காருகிற உரிமை 2018-ல் கேரளத்திலும் 2021-ல் தமிழ்நாட்டிலும் சட்டமாக வந்தது. கேரளத்துக் கடைப் பெண்கள் வீதியில் இறங்கிக் கேட்டார்கள், வந்தது. உட்காருகிற உரிமையைச் சட்டத்தில் எழுத முடியுமானால் நிமிருகிற உரிமையை ஏன் எழுத முடியாது?

ஆகவே வருகிற கூலிப் பேச்சுவார்த்தையில் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் கோரிக்கைப் பட்டியலில் மூன்று வரி சேர்க்க வேண்டும். கருவி வேலை கொடுக்கிறவர் பொறுப்பு. தொழிலாளி கொண்டு வந்தால் தேய்மானத்துக்கும் பட்டறைக் கூலிக்கும் தனிப் பணம். காம்பின் நீளத்தைத் தீர்மானிப்பது பிடிக்கிறவர், வரப்பில் நிற்கிறவர் அல்ல. சர்க்கார் மானியத்தில் வாங்குகிற கைக்கருவியும் களைக்கருவியும் உயரம் மாற்றக்கூடிய பிடியோடு இருக்க வேண்டும். வாங்குமுன் ஊர்ப் பெண்கள் நாலு பேர் வயலில் தள்ளிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

மில் பகுதித் தோழர்களும் உதவ முடியும். ஆலைகளில் பிட்டர் வேலை தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு துளைபோடும் இயந்திரத்தோடும் ஒரு பை போல்ட்டோடும் போனால், முடங்கிக் கிடக்கிற கோனோவீடர்களின் பிடியை அன்று மாலைக்குள் இறக்கிக் கொடுத்துவிடலாம். முதல் துளையைப் பழைய துளைக்கு நாலு விரற்கடை கீழே போடுங்கள். இரண்டாவதை அதற்கும் இரண்டு விரற்கடை கீழே. போடுமுன் தள்ளப் போகிற பெண்ணை அருகில் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த உயரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.